வால்பாறை என்று சொல்லிவிட்டு ஸ்பிதிக்குப் போனவள்

கண்ணு,

இனி தனியாக எங்கேயும் போகமாட்டேன் என்று அப்பா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாயே, அந்தச் சத்தியத்தை நான் பண்ணப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் நீ சத்தம் போடுகிறாய், நான் அழுதுவிடுகிறேன், அழுதவுடன் நீ ஜெயித்ததாக ஆகிவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பொள்ளாச்சியில் இன்று காலையிலிருந்து மழை. களத்தில் கொப்பரையை மூடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவசரமாகச் செய்ய வேறு வேலை ஒன்றும் இல்லை.

நான் உன்னிடம் பொய் சொன்னது உண்மைதான். பன்னிரண்டு நாள் வால்பாறையில் பெரியம்மா வீட்டில் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, கோயம்புத்தூரில் விமானம் ஏறி டெல்லிக்குப் போய், அங்கிருந்து சிம்லா வழியாக ஸ்பிதிக்குப் போனேன். என் அக்காவையும் பொய் சொல்ல வைத்தேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் அவள், “அம்மா தேயிலைக் காட்டுப் பக்கம் நடக்கப் போயிருக்குது கண்ணு, இங்க சிக்னலும் செரியா கிடைக்கறதில்லை” என்று சொன்னாளாம். அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட. அவள் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டிருக்கிறாள் அல்லவா? சனி ஞாயிறு ஆனால் கொண்டை ஊசி வளைவு முழுக்க கார். “நாம அட்டைக்கடி வாங்கி, இங்கிருந்து எப்படா இறங்குவோம்னு இருந்தோம். இவங்க அட்டையைக்கூட போட்டோ எடுக்கறாங்க. ஊரே இங்க ஏறி வருது, நீ ஒருத்தி வெளிய போனா என்ன, போயிட்டு வா” என்றாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

நீ கேட்ட முதல் கேள்வி, “ஏனுங்கம்மா, நான்தான் வருசா வருசம் கூட்டிட்டுப் போறேனே, அது பத்தலீங்களா?” என்பது. பத்தவில்லை, கண்ணு. நீ மனம் நோகக்கூடாது என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.

நான் போன பயணங்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனோம். நானும் உன் அப்பாவும் மட்டும் என்றுதான் பேச்சு. காலையில் பார்த்தால் அம்பாசடர் காரில் ஆறு பேர். பூங்காவில் ஒரு போட்டோ, ஏரிக்கரையில் ஒரு போட்டோ, பொழுது சாய்வதற்குள் வீடு. பிறகு வருடத்துக்கு ஒரு கோயில் டூர், வேன் நிறைய பங்காளிகள். ராமேசுவரத்தில் எல்லோரும் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வந்தார்கள். நான் சத்திரத்தில் முப்பது பேருக்கு உப்புமா கிண்டி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கடல் எந்தத் திசையில் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. உன் அப்பா கெட்டவர் இல்லை. போகிற இடத்திலும் வீட்டுப் பெண்கள் வீட்டுப் பெண்களாகவே இருப்பார்கள் என்று எல்லோரையும் போல அவரும் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் போன பிறகு நீ என்னைப் பாலிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தாய், ஜன்னலோரம் உட்கார வைத்தாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் உன் போனில் ஒரு பட்டியல் இருந்தது. எந்த நேரத்துக்கு எந்த இடம், எந்தப் பக்கம் நின்றால் படம் நன்றாக வரும் என்று எல்லாம் அதில் இருந்தது. பள்ளத்தாக்கின் மேல் ஊஞ்சலாடிப் படம் எடுக்க நீயும் கவிதாவும் காலையிலேயே கிளம்பினீர்கள். வரிசை நீளமாம், குழந்தை தாங்காது என்று நிலாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். “ரூமை விட்டு எங்கயும் போயிராதீங்கம்மா” என்று நீ மூன்று தடவை சொன்னாய்.

நான் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, எதிர்வீட்டு வாசலில் என் வயதுள்ள ஒருத்தி குருத்தோலையை மடித்து மடித்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். தென்னங்குருத்து, கண்ணு! நாற்பது வருடம் தென்னந்தோப்பில் இருந்தவள் குருத்தோலையைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் இருப்பேனா? நிலாவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவளுக்குப் புரியவில்லை. சாமிக்குப் பூ வைக்கிற சின்னத் தட்டு அது. அவள் ஒன்று பின்னிக் காட்டினாள், நான் ஒன்று பின்னினேன். என்னுடையது கோணல். அவள் சிரித்தாள். பிறகு நம் ஊரில் கோயில் தோரணத்துக்கு மடிக்கிற கிளியை நான் மடித்துக் காட்டினேன். அவள் உள்ளே போய் மருமகளையும் பேத்தியையும் கூட்டி வந்து காட்டினாள். இரண்டு மணி நேரம் இருக்கும். என் வாழ்க்கையில் நான் வெளியூர் போனேன் என்று சொல்ல முடிந்தது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான்.

நீ திரும்பி வந்து, எங்களை அறையில் காணாமல் பதறிவிட்டாய். அந்தப் பெண் முன்னாலேயே, “சின்னக் குழந்தை மாதிரி பண்ணாதீங்கம்மா” என்றாய். அவளுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அது என்ன என்று புரிந்தது. கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை. அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது.

ஊருக்கு வந்ததும் ருக்மணி டீச்சரிடம் இதைச் சொன்னேன். உனக்குக் கணக்குப் பாடம் எடுத்தார்களே, அவர்கள்தான். கோயம்புத்தூரில் தீபா என்று ஒரு பெண் பெண்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறாள், பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஹோட்டலில் தங்காமல் ஊர்க்காரர்கள் வீட்டில்தான் தங்குவது, ஒரே இடத்தில் மூன்று நான்கு நாள் இருப்பது என்று டீச்சர் சொன்னார்கள். ஸ்பிதி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று மட்டும் தெரியும். டாக்டரிடம் போய் எல்லா டெஸ்டும் எடுத்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிறதே, அந்தக் கடையில் கம்பளிச் சட்டை வாங்கினேன். தினமும் விடிந்ததும் தோப்பைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தேன். அம்மாவுக்கு உடம்பு இளைத்திருக்கிறது என்று நீ சந்தோஷப்பட்டாய். அதற்குக் காரணம் இதுதான்.

அங்கே ஆபத்து இல்லையா என்றால், இருந்தது. மறைக்க மாட்டேன். மலைமேல் லாங்சா என்று ஒரு சின்ன ஊர். மண் வீடுகள், மரமே கிடையாது, அந்த உயரத்தில் காற்று குறைவு, மூச்சு வாங்கும். டோல்மா என்கிற பெண் வீட்டில் தங்கினோம். எங்கள் குழுவிலேயே சின்னவள் ஸ்வேதா, பீளமேட்டுப் பெண், கம்ப்யூட்டர் வேலை. போய் இறங்கியதும் உட்காரவே இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓடினாள். மத்தியானச் சாப்பாட்டை வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரத்தில் தலைவலி, வாந்தி. எழுந்து நிற்கச் சொன்னால் கால் தள்ளாடியது. படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று தீபா சொன்னாள். டிரைவர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே, உடனே இறங்கிவிடவேண்டும் என்று கீழே கையைக் காட்டினான். ஸ்வேதா, “வேண்டாங்க ஆன்ட்டி, எனக்கு லீவு கொஞ்சந்தான் பாக்கி, நாளைக்கு மேல மடத்துல வீடியோ எடுக்கணும்” என்று அழுதாள். மற்றவர்களுக்கும் மறுநாள் வீணாகிவிடுமே என்ற யோசனை.

நான்தான் எழுந்தேன். “அம்மணி, வீடியோ அடுத்த வருசம் எடுத்துக்கலாம். வண்டியில ஏறு” என்றேன். அவள் மறுத்தாள். “நீ ஏறலீன்னா உன்ற அம்மாளுக்கு நான் போன் போடுவேன்” என்றேன். சிக்னலே இல்லாத ஊரில் அப்படி மிரட்டினேன், அதுவும் பலித்தது. வெயில் இருக்கும்போதே கிளம்பிக் கீழே காசா டவுனுக்கு இறங்கினோம். வழி முழுக்க அவள் தலை என் தோளில். என்னவோ எனக்குப் பயமே வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிரமமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஸ்வேதாவே மொழிபெயர்த்துச் சொன்னாள், சொல்லும்போதே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் இரண்டு பேரும் காசா கடைவீதியில் உட்கார்ந்து சூப் குடித்தோம். அவள் தேறியதும் டிரைவர் என்னை மறுபடி மேலே கொண்டுபோய் விட்டான். இன்னும் மூன்று நாள் டோல்மா வீட்டில் இருந்தேன்.

நீ ஸ்வேதா நெட்டில் போட்ட படத்தை மட்டும்தான் பார்த்தாய். “இந்த அம்மா இல்லாவிட்டால் நான் இல்லை” என்று எழுதி என் படத்தைப் போட்டுவிட்டாள். அது எப்படியோ சுற்றிக் கவிதா போனுக்கு வந்து, அவள் உன்னிடம் காட்டி, நீ வால்பாறைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் உன் பெரியம்மாவிடம் சண்டை போட்டாய். அறுபத்து மூன்று வயதுக்காரிக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நீ கத்துகிறாய். ஆனது இருபத்தாறு வயதுக்காரிக்கு, கண்ணு. அறுபத்து மூன்று வயதுக்காரி நிதானமாக நடந்தாள், சொன்னபடி தண்ணீர் குடித்தாள், முடியாதபோது உட்கார்ந்தாள்.

டோல்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாள் பட்டாணிக் காட்டுக்கு அவளோடு போனேன். வழியில் ஒரு கருப்புக் கல்லை எடுத்து என் கையில் வைத்தாள். நத்தை மாதிரி சுருள் சுருளாக இருந்தது. அது கல்லாகிப்போன கடல் பிராணி, அந்த மலையே ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்று பிறகு தீபா சொன்னாள். நான் அதைப் பையில் போடப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, கல்லை வாங்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் வீட்டில் தண்ணீரும் குறைவு. காலையில் ஆளுக்கு ஒரு செம்புதான். நாங்கள் பத்துப் பேர் போய் இறங்கியது அந்த ஊருக்குப் பாரம்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. உன் பட்டியலைக் குறை சொல்கிற நான் ஒன்றும் உத்தமி இல்லை. யாரும் போகாத இடம் வேண்டும் என்று எல்லோரும் கிளம்பினால் அந்த இடமும் ஊட்டிதான். ஆனால் போகிற இடத்தில் சும்மா உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர் சொல்வதைக் கேட்டால் கொஞ்சம் பரவாயில்லை. நீ உன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும்போது இதை மட்டும் யோசி. எட்டு இடத்தை விட்டுவிட்டு ஒரு இடத்தில் இரு.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

நான் ஊர் திரும்பிய பிறகு நீ வந்து, பீரோவைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து உன் பையில் போட்டுக்கொண்டாய். “உங்க நெஞ்சுல ஏற்கனவே கோளாறு இருக்குதுங்கம்மா. நான் காலேஜ் படிக்கறப்பவே பார்த்தவன். உங்களை நான் இழக்க முடியாதுங்க” என்றாய். நீ சொல்லும்போது உன் கண் கலங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

என் நெஞ்சில் எந்தக் கோளாறும் இல்லை. அன்றும் இல்லை. நீ இரண்டாம் வருடம் படிக்கும்போது என்.சி.சி.யில் இமயமலை மலையேற்ற முகாமுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லூரியிலேயே மூன்று பேர்தான். புது ஷூ வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து பழகினாய். உன் அப்பா சரி என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நீ ஒற்றைப் பிள்ளை. பனி, பள்ளம், கயிறு என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கிளம்புகிற அன்று காலையில், பை வாசலில் இருந்தது, நான் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலி இல்லை, சாமி. ஒரு துளிகூட வலி இல்லை. நடித்தேன்.

உன் அப்பா வெலவெலத்துப் போனார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை, வாயுத் தொந்தரவாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நீ அதை நம்பவில்லை. ரயில் போய்விட்டது. இரண்டு நாள் என் கட்டிலை விட்டு நீ நகரவில்லை. “இப்ப வலி எப்படீங்கம்மா இருக்குது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். குறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு நீ எங்கேயும் போகவேண்டும் என்று கேட்டதே இல்லை. ஜெர்மனியில் வேலை வந்தபோது, அம்மா உடம்புக்கு முடியாது என்று நீயே வேண்டாம் என்று எழுதினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வால்பாறைப் பொய்க்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நெஞ்சுவலிப் பொய்க்குக் கேட்கிறேன். இருபது வருடமாக நீ என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அந்தப் பயத்தை உனக்குள் வைத்தவள் நான். ஆளைப் பிடித்து வைப்பதுதான் பாசம் என்று உனக்குக் காட்டியவளும் நான்தான். அதே வேலையை நீ என்னிடம் செய்யும்போதுதான் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கோபப்படு. எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, அது உனக்கு நியாயம். ஆனால் என்னை இனிமேல் நோயாளி என்று சொல்லாதே.

நேற்று மத்தியானம் கவிதா வந்தாள். சரவணம்பட்டியிலிருந்து நிலாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே வந்தாள். கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். “அத்தை, அந்தப் படத்தை அவருகிட்ட நான்தானுங்க காட்டினேன். பெருமையாத்தான் காட்டினேன். இப்படி ஆகும்னு நினைக்கலீங்க” என்றாள். இதை எடுத்து வந்தது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “தெரியாதுங்க. நீங்களே சொல்லிருங்க அத்தை, நான் சொன்னா சண்டை வரும்” என்றாள். கிளம்பும்போது வாசலில் நின்று, “நானும் ஒரு தடவை தனியாப் போகணும்னு நெனைச்சிருக்கறேனுங்க” என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, “எங்கயாச்சும்” என்றாள். அவளை ஒரு வார்த்தை நீ சொல்லக்கூடாது. சண்டை போடவேண்டுமானால் என்னிடம் வந்து போடு.

அடுத்த மாதம் பத்தாம் தேதி நான் கிர்கிஸ்தானுக்குப் போகிறேன். மலைமேல் ஒரு ஏரி, அதைச் சுற்றிப் புல்வெளி, ஆடு மேய்க்கிறவர்களின் கம்பளிக் கூடாரத்தில் ஐந்து நாள். தீபாவும் ருக்மணி டீச்சரும் கூட இன்னும் ஐந்து பேரும் வருகிறார்கள். அந்த ஊர்ப் பேரைச் சொன்னதும் உன் சித்தப்பா, “அங்க என்ன கோயில் இருக்குது?” என்று கேட்டார். கோயில் இல்லை என்றேன். “அப்பறம் எதுக்குப் போறீங்க?” என்றார். புருசன் போன பிறகு ஒரு பொம்பளை எதற்கு வெளியே போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். எனக்கு அது வேண்டாம். கல்யாண வீட்டில் என்னைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னபோது சும்மா இருந்தவர்கள் இப்போது என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் உனக்குப் போன் பண்ணுவார். அம்மா போகட்டும் என்று நீ சொன்னால் சந்தோஷப்படுவேன். சொல்லாவிட்டாலும் போவேன்.

டெஸ்ட் ரிப்போர்ட்டெல்லாம் இதோடு வைத்திருக்கிறேன், நிதானமாகப் பார். தீபாவின் நம்பரும் இருக்கிறது. இந்தத் தடவை எந்த ஊரிலிருந்தாலும் உண்மையைத்தான் சொல்வேன். ஏரிக்கரையில் சிக்னல் கிடையாதாம். அந்த ஐந்து நாளும் நீ கூப்பிடுவாய் என்று எனக்குத் தெரியும். கூப்பிடு. நான் எடுக்கவில்லை என்றால், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

அம்மா